இரு முனையும் பார்த்துக் கேபிள் வாங்குவோம்

மகாசபை கூடும் நாளில் காரியதரிசி வரவு செலவுக் கணக்கை வாசிப்பதும், அங்கத்தினர்கள் அதைக் கேட்டிருப்பதும் நமது சங்கங்களின் நெடுநாள் வழக்கம். எண்களைக் காதால் மட்டும் கேட்டு மனத்தில் நிறுத்துவது எவர்க்கும் எளிதன்று. இன்று பல சங்கங்களின் கணக்குகள் கணினியில் எழுதப்படுகின்றன. கூட்ட அறையில் தொலைக்காட்சிப் பெட்டியும் இருக்கிறது. இவ்விரண்டையும் இணைத்துவிட்டால், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரும் தமது பங்குத் தொகையையும் லாப ஈவையும் கண்ணாலேயே காணலாம். புதிய புடவைக் கரைகளின் மாதிரிகளையும், பயிரைத் தாக்கும் நோய்களின் படங்களையும் அனைவரும் ஒருங்கே பார்க்கலாம்.

நாமறிந்த சங்கம் ஒன்றில் இந்த நல்ல எண்ணம் ஒரு கேபிளால் கெட்டது. கூட்டத்திற்கு முதல்நாள் மாலை அவசரமாக வாங்கி வந்த கேபிளின் ஒரு முனை கணினியில் பொருந்தியது. மறுமுனை தொலைக்காட்சியில் பொருந்தியது. ஆனால் படம் வரவில்லை. அரைமணி நேரம் காத்திருந்தபின் கணக்கு வழக்கம்போல் வாசிக்கப்பட்டது. தம் பெயருக்கு நேரே உள்ள எண்ணைப் பார்க்கவே வந்ததாகக் கூறிய மூதாட்டி ஒருவர் பாதியில் எழுந்து சென்றுவிட்டார். இந்த ஏமாற்றம் பிற சங்கங்களுக்கு நேராதிருக்கவே இதனை எழுதுகிறோம்.

வாயை அறிதல்

நூலின் நம்பர் பாராமல் எந்த நெசவாளியும் அச்சைத் தேர்வதில்லை. பம்பின் வாயை அளக்காமல் எந்த உழவரும் குழாய் வாங்குவதில்லை. கேபிளுக்கும் அதுவே விதி. கேபிளைச் செருகும் இடத்தைக் கடைக்காரர்கள் ‘போர்ட்’ என்பர். நாம் வாய் என்றே சொல்வோம்.

தொலைக்காட்சிப் பெட்டிகளில் இன்று பெரும்பாலும் இருப்பது எச்.டி.எம்.ஐ. வாய். 2002-ஆம் ஆண்டு இறுதியில் இம்முறை வெளிவந்தது. தட்டையாக, கீழ் இரு மூலைகளும் ஒடுங்கியிருக்கும். படமும் ஒலியும் ஒரே கேபிளில் செல்லும்.

பழைய கணினிகளில் இருப்பது வி.ஜி.ஏ. வாய். இது 1987-இல் ஐ.பி.எம். கம்பெனியால் கொண்டுவரப்பட்டது. மூன்று வரிசையில் பதினைந்து சிறு துளைகளும், இரு பக்கமும் திருகு மரைகளும் இருக்கும். இது படத்தை மட்டுமே கொண்டு செல்லும்; ஒலிக்குத் தனிக் கம்பி வேண்டும்.

டிஸ்ப்ளே போர்ட் என்னும் வாய் எச்.டி.எம்.ஐ.யைப் போலவே தோன்றினும், ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். புதிய மடிக்கணினிகளில் காணும் டைப்-சி வாய் சிறியது, முனைகள் உருண்டது. இதில் எச்சரிக்கை தேவை. மின்னேற்றத்திற்கு மட்டும் பயன்படும் டைப்-சி வாயும், படமும் அனுப்பவல்ல வாயும் தோற்றத்தில் ஒன்றே. கணினியின் கையேட்டைப் பார்த்தே அறிய வேண்டும்.

எதற்கு எது?

இரு பக்கமும் எச்.டி.எம்.ஐ. இருந்தால் சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிளே போதும். கணினியில் டிஸ்ப்ளே போர்ட் இருப்பின், ஒரு முனை அதுவும் மறுமுனை எச்.டி.எம்.ஐ.யுமான கேபிள் கிடைக்கும். இது பெரும்பாலும் ஒருவழிப் பாதை. கணினியிலிருந்து தொலைக்காட்சிக்கு மட்டுமே படம் செல்லும். படம் அனுப்பவல்ல டைப்-சி வாய்க்கும் இவ்வாறே எச்.டி.எம்.ஐ. முனையுள்ள கேபிள் உண்டு.

வி.ஜி.ஏ. கணினியை எச்.டி.எம்.ஐ. தொலைக்காட்சியுடன் இணைப்பதில்தான் பலர் ஏமாறுகின்றனர். வி.ஜி.ஏ.யில் படம் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகச் செல்கிறது, எச்.டி.எம்.ஐ.யிலோ எண்களாகச் செல்கிறது. தமிழில் எழுதிய கடிதத்தை வேறு உறையில் இட்டால் அது தெலுங்காகிவிடாது. மொழிபெயர்ப்பவர் ஒருவர் வேண்டும். அவ்வாறே இங்கு ‘கன்வர்ட்டர்’ என்னும் மாற்றுக் கருவி அவசியம். அதற்கு மின்சாரம் தர யு.எஸ்.பி. கம்பியும், ஒலிக்கு ஒரு கம்பியும் உடனிருக்க வேண்டும். மேலே சொன்ன சங்கம் வாங்கியது மாற்றுக் கருவியற்ற வெறும் கம்பி. ஆகவேதான் முனைகள் பொருந்தியும் படம் வரவில்லை.

விலையும் நீளமும்

தங்கமுலாம் பூசிய கேபிளால் நிறம் கூடும் என்பது வீண் நம்பிக்கை. எண்கள் குறைவின்றிப் போய்ச் சேர்ந்தால் படம் முழுமையாகத் தெரியும். சேராவிடில் புள்ளிகள் மின்னும், அல்லது திரை விட்டு விட்டு இருளும். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரைக்கு ‘ஹை ஸ்பீட்’ வகை போதும். 3840-க்கு 2160 புள்ளிகள் கொண்ட ‘4கே’ திரையில் வினாடிக்கு அறுபது படங்கள் ஓட வேண்டுமாயின் ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ வகையைக் கேட்கலாம். அதற்கு மேற்பட்ட ‘அல்ட்ரா’ வகை கணக்குக் காட்டுவதற்குத் தேவையன்று.

சுவரோரமாகக் கயிறு பிடித்து நீளத்தை அளந்து, சிறிது கூட்டி வாங்குக. நீளம் மிக மிகச் சாதாரணக் கேபிளில் பழுது வரக்கூடும். கூடுமானால் கணினியைத் தொலைக்காட்சிக்கு அருகே கொண்டுபோவதே சிக்கனம்.

இணைத்த பின்

கேபிள் எந்த வாயில் செருகப்பட்டதோ, அதே எண்ணைத் தொலைக்காட்சியின் ரிமோட்டில் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், படத்தை இரு திரையிலும் காட்டும் வழி தோன்றும். ஒலி கணினியிலேயே கேட்டால், ஒலி அமைப்பில் தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்கின் ஓர எண்கள் வெட்டுப்பட்டால், தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பை மாற்ற வேண்டும்.

கடைக்குப் புறப்படுமுன் இரு வாய்களையும் கைபேசியில் படமெடுத்துச் செல்லுங்கள். கூட்டத்திற்கு ஒரு வாரம் முன்பே இணைத்துப் பாருங்கள். சங்கப் பணத்தில் வாங்கும் கேபிள் சிறு செலவுதான். ஆயினும் சங்கத்தின் கணக்கை அங்கத்தினர் அனைவரும் தம் கண்ணால் காண்பது சிறு காரியமன்று.