உங்களுக்குத் தெரியுமா? முகத்தில் பாய்ச்சும் ஒளி

முகப் பொலிவுக்காகச் செய்யப்படும் ‘ஐ.பி.எல்.’ ஒளிச் சிகிச்சை, லேசர் அல்ல. செனான் விளக்கின் பளீர் வெளிச்சம்தான் அது. ஏறத்தாழ 500 முதல் 1,200 நானோமீட்டர் வரையிலான பல அலைநீளங்கள் அதில் கலந்திருக்கும். லேசரில் ஒரே அலைநீளம்.

சுற்றியுள்ள தோலைச் சுடாமல் கரும்புள்ளியையோ சிவந்த ரத்தக்குழாயையோ மட்டும் ஒளி எப்படித் தாக்குகிறது? பாஸ்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் இருவரும் 1983இல் இதை விளக்கினார்கள். இலக்கு அதிகம் உறிஞ்சும் அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்து, சூடு பக்கத்துத் திசுவுக்குப் பரவும் முன்பே ஒளித் துடிப்பு முடிந்துவிடும்படி செலுத்த வேண்டும்.

மாநிறமும் கறுப்புமான நமக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. நம் மேல்தோலில் மெலனின் அதிகம். இலக்கைச் சேருமுன் அதுவே ஒளியை உறிஞ்சிக்கொண்டால் கொப்புளமோ, மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டோ வரலாம். அதனால்தான் கருமையான தோலுக்கு 1,064 நானோமீட்டர் ‘என்டி-யாக்’ லேசரைத் தோல் மருத்துவர்கள் அதிகம் நாடுகிறார்கள். அந்த ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சும். வெயிலில் கறுத்த முகத்தோடு போனால் ஆபத்து இன்னும் கூடும். சில வாரம் பொறுத்துப் போங்கள். கருவியை இயக்கப்போவது யார், அவருக்கு என்ன பயிற்சி என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.