எழுத்து மரத்தில் ஒரு பேனா

தயிர் கடைந்து மோர் எடுப்பதைப் பார்த்திருப்பீங்க. மரத்தையும் கடையலாம், தெரியுமா? தயிரில் மத்து சுற்றும். இங்கே மரமே சுற்றும். கடைபவர் உளியை அதன்மேல் மெதுவாகப் பிடிப்பார். மரத்தைச் சுற்ற வைப்பது கடைசல் இயந்திரம். ‘லேத்’ என்றும் சொல்வாங்க. மரப் பம்பரம், பூரிக்கட்டை எல்லாம் இப்படித்தான் உருண்டையாகின்றன. பேனாவும் செய்யலாம்.

மேப்பிள் மரத்தில் பேனா கடைவது சுலபம். ஆனால் அடம்பிடிக்கும் மரம் ஒன்று இருக்கிறது. அது தென் அமெரிக்காவில், கயானா, சுரினாம் நாட்டுக் காடுகளில் வளர்கிறது. சிவப்பும் பழுப்பும் கலந்த நிறம். அதன்மேல் கறுப்புப் புள்ளிகள், கோடுகள். பாம்புத் தோல் போல இருப்பதால் ஆங்கிலத்தில் ‘ஸ்னேக்வுட்’, அதாவது பாம்பு மரம். டச்சுக்காரர்களுக்கோ அவை எழுத்துகள் போலத் தெரிந்தன. அதனால் ‘எழுத்து மரம்’ என்றார்கள். பேனாவுக்கு இந்தப் பெயர்தானே பொருத்தம்!

இதன் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்காது. கல் மாதிரி மூழ்கிவிடும். அழகான புள்ளிகள் மரத்தின் நடுப்பகுதியில் மட்டுமே இருக்கும். அதனால் விலை அதிகம். எடை போட்டு விற்கிறார்கள்.

பேனாவுக்குச் சுமார் 13 செ.மீ. நீளமுள்ள துண்டு போதும். அதை இரண்டாக வெட்டுவார்கள். வெட்டும் முன் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். எந்தப் பக்கம் எதோடு சேரும் என்று அதுதான் பின்னால் காட்டும்.

அடுத்தது, நடுவில் 7 மி.மீ. ஓட்டை. இங்கேதான் பயம்! ட்ரில் சுற்றும்போது உரசலால் சூடு வரும். மரம் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே கொஞ்சம் ஈரம் இருக்கும். சூடான இடத்தில் அந்த ஈரம் போய், மரம் சுருங்கும். பக்கத்து இடம் சுருங்காது. மற்ற மரங்கள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இது கொடுக்காது. டக்! விரிசல் விழுந்துவிடும். விலை கொடுத்து வாங்கிய துண்டு வீண்.

அதனால் கொஞ்சம் துளைத்து, ட்ரில்லை வெளியே எடுத்து, தூளைத் தட்டி, ஆறவிட வேண்டும். பிறகு மறுபடியும் கொஞ்சம். பொறுமை இல்லாதவங்களுக்கு இந்த மரம் சரிவராது.

ஓட்டைக்குள் பித்தளைக் குழாயைப் பசை வைத்து ஒட்டுவார்கள். பசை நன்றாகக் காய்ந்ததும் துண்டுகளை லேத்தில் மாட்டிக் கடைவார்கள். உளி கூராக இருக்க வேண்டும். கூரான உளி மரத்தைச் சீவும். மழுங்கிய உளி உரசும். உரசினால் மறுபடியும் சூடு!

பிறகு உப்புத்தாள். அதன் பின்னால் எண் இருக்கும். 150 சொரசொரப்பு, 600 மிக மென்மை. சின்ன எண்ணில் தொடங்கிப் பெரிய எண்ணுக்குப் போக வேண்டும். லேத்தை அடிக்கடி நிறுத்தி மரத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். சூடாக இருந்தால் ஓய்வு. தூள் மூக்குக்குள் போகும், அதனால் முகக்கவசம் கட்டாயம். கண்ணாடியும்தான். (லேத் பக்கத்தில் பெரியவர்கள் இல்லாமல் போகவே கூடாது. நீளக் கை சட்டையும் வேண்டாம்.)

இந்த மரம் தானாகவே பளபளக்கும். கொஞ்சம் மெழுகு தேய்த்தால் போதும். கடைசியில் பேனாவின் முனையையும் மை நிரம்பிய குழலையும் பொருத்துவார்கள். பென்சில் கோடு போட்ட முனைகள் சரியாகச் சேர்ந்தால், கறுப்புக் கோடுகள் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்கு அப்படியே ஓடும்.

பேனா கையில் கனமாக இருக்கும். அதை வெயில் படும் ஜன்னல் ஓரத்திலோ காருக்குள்ளோ விட்டுவிடாதீங்க. நிறம் கறுத்துப் போகும், விரிசலும் விழலாம். எழுதி முடித்ததும் மேசை டிராயருக்குள் வைத்துவிடுங்க.