குறைந்த பொருளில் நிறைந்த ஆட்டம்

நுழையும்முன்

களத்தில் காணும் வெற்றிக்குப் பின்னே ஒரு கணக்கேடும் இருக்கிறது. எவரைத் தக்கவைப்பது, எவரைப் பிற அணிக்கு அளிப்பது, எவருக்கு எவ்வளவு ஊதியம் வழங்குவது என்னும் முடிவுகள் ஓர் அணியின் எதிர்காலத்தை உருவாக்குகின்றன. அமெரிக்க அடிபந்தாட்ட அணி ஒன்றின் பட்டறிவை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சமமற்ற களம்

பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டம் அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பும் விளையாட்டு. அதன் உயர்நிலைப் போட்டியான மேஜர் லீக்கில் அணிகளின் ஊதியச் செலவுக்குக் கண்டிப்பான உச்சவரம்பு இல்லை. எனவே, செல்வம் மிக்க அணிகள் சிறந்த வீரர்களை எளிதில் ஈர்த்துக்கொள்கின்றன. 2002ஆம் ஆண்டில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஊதியச் செலவு 12 கோடி டாலரைக் கடந்தது. ஓக்லாந்து அத்லெடிக்ஸ் அணியின் செலவோ ஏறத்தாழ 4 கோடி டாலர்தான்.

முந்தைய ஆண்டில் 102 ஆட்டங்களில் வென்ற ஓக்லாந்து அணி, அவ்வாண்டின் முடிவில் முதன்மை வீரர்கள் மூவரை இழந்தது. அவர்களுள் ஒருவரான ஜேசன் ஜியாம்பியை ஏழாண்டுகளுக்கு 12 கோடி டாலர் அளித்து யாங்கீஸ் அணி பெற்றது. ஓக்லாந்து அணியின் மூன்றாண்டு ஊதியம் முழுவதும் சேர்ந்தாலே அத்தொகைக்கு ஈடாகும்!

மறைந்திருந்த மதிப்பு

விரலுக்குத் தக்க வீக்கமே வேண்டும் என்பதைப் பொது மேலாளர் பில்லி பீன் உணர்ந்திருந்தார். புகழ்பெற்ற வீரருக்கு ஈடாக இன்னொரு புகழ்பெற்ற வீரரைத் தேடாமல், பிறர் கவனிக்கத் தவறிய திறனை அவர் தேடினார். மட்டையாளர் பந்தை அடித்து ஓடி முதல் தளத்தை அடையலாம். எல்லைக்கு வெளியே வீசப்படும் நான்கு பந்துகளை அடிக்காமல் பொறுத்திருந்தும் அடையலாம். இப்பொறுமைக்குச் சந்தையில் உரிய விலை இல்லை என்பதைப் புள்ளிவிவரங்கள் காட்டின. முழங்கைக் காயத்தால் முன்போல் பந்தை வீச இயலாத ஸ்காட் ஹாட்டெபெர்க்கை அணி இவ்வாறே தேர்ந்தெடுத்தது. அவர் தமக்குப் பழக்கமில்லாத முதல் தளக் காவலைப் புதிதாகக் கற்றார். அவ்வாண்டு ஓக்லாந்து அணி தொடர்ந்து 20 ஆட்டங்களில் வென்றது. இருபதாம் வெற்றியை உறுதிசெய்தது ஹாட்டெபெர்க்கின் அடியே. பருவத்தின் முடிவில் இவ்வணியும் யாங்கீஸ் அணியும் தலா 103 வெற்றிகளைப் பெற்றிருந்தன.

பரிமாற்றத்தின் காலம்

மேஜர் லீக்கில் ஆறு பருவங்களை நிறைவுசெய்த வீரர், ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணியில் சேரும் உரிமை பெறுகிறார். அதுவரை காத்திருந்தால் சிறிய அணி அவரை இழக்க நேரிடும். முன்னரே பரிமாறினால் இளம் வீரர்களைப் பெறலாம். 2004ஆம் ஆண்டின் இறுதியில் மார்க் மல்டரை அளித்த ஓக்லாந்து அணி, டான் ஹாரன் உள்ளிட்ட மூவரைப் பெற்றது. மூன்றாண்டுகளுக்குப்பின் ஹாரனையும் மற்றொருவரையும் அளித்து ஆறு இளம் வீரர்களைப் பெற்றது. நெல் முழுவதையும் உண்டுவிடாமல் விதைக்கென ஒரு பகுதியை ஒதுக்கும் உழவரின் முன்னறிவு இது.

கணக்கின் எல்லை

எனினும், இவ்வழி குறையற்றதன்று. 2002ஆம் ஆண்டு இறுதிச் சுற்றுகளின் தொடக்கத்திலேயே மின்னசோட்டா அணியிடம் ஓக்லாந்து தோற்றது. நீண்ட பருவத்தில் பயன்தரும் கணக்கு, ஐந்தே ஆட்டங்களில் பொய்க்கவும் கூடும். மேலும், புதிய வழி வெளிப்பட்டதும் செல்வம் மிக்க அணிகளும் அதனைக் கைக்கொண்டன. மலிவாகக் கிடைத்த திறனுக்கும் விலை ஏறியது. அன்புக்குரிய வீரர்கள் அடிக்கடி பிரிந்து செல்வதை ஓக்லாந்து மக்கள் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பரிமாறப்படும் வீரரோ வீட்டையும் ஊரையும் விட்டுப் பெயர நேர்கிறது. ஏட்டில் எண்ணாக இருப்பவர் வாழ்வில் மனிதரல்லரா?

பொருள் குறைந்தோர் பொருள் மிக்கோரைப் பின்பற்றி வெல்ல இயலாது. அவர்கள் காணத் தவறியதைக் கண்டறிந்தே வெல்ல இயலும். கண்டறிந்ததும் விரைவில் பொதுவாகிவிடும் என்பதால், அத்தேடலுக்கு ஓய்வில்லை.