நகைப் பட்டறையில் இரண்டு நஞ்சுகள்



ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குத் தீபாவளிச் சாமான் வாங்கப் போனால், நகைக்கடைக் கண்ணாடி முன்னே கொஞ்ச நேரம் நிற்காமல் நம் பெண்கள் வீடு திரும்புவதில்லை. அந்தச் சங்கிலியைச் செய்த பத்தர் குனிந்து உட்கார்ந்திருக்கும் பட்டறையை எட்டிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் கேட்டாள்: "சார், பாட்டி ஊருக்குப் போனப்ப வாங்கி வந்த சங்கிலியில கே.டி.எம்.னு போட்டிருக்கு. அது 916 விட உசத்தியாம். அப்படியா சார்?"

உசத்தியும் இல்லை, மட்டமும் இல்லை. அது தங்கத்தின் தரமே அல்ல. காட்மியம் என்ற உலோகத்தின் பெயரைச் சுருக்கி வைத்த பெயர்.

சங்கிலியின் கண்ணிகளை ஒன்றோடொன்று சேர்க்கப் பற்றாசு வேண்டும். அது தங்கத்துக்கு முன்னே உருக வேண்டும். இல்லாவிட்டால் நகையே உருகிவிடும். பழைய பத்தர்கள் தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் கலந்து பற்றாசு செய்தார்கள். பொடி வைத்து ஊதுவது என்று நாம் கேலியாகச் சொல்வது இந்த வேலையைத்தான். இதில் ஒரு குறை: செம்பும் வெள்ளியும் நிறையச் சேர்ந்ததால், நகையை உருக்கும்போது மாற்றுக் குறைந்துபோகும். "பத்தர் ஏமாற்றிவிட்டார்" என்று சண்டை வரும். பிறகு, 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு காட்மியம் சேர்த்தால் பற்றாசு சீக்கிரம் உருகுகிறது, 22 காரட் தரமும் கெடுவதில்லை என்று கண்டார்கள். வாங்குகிறவருக்குச் சந்தோஷம், கடைக்காரருக்கும் சந்தோஷம்.

பத்தருக்கு? தங்கம் உருக 1,064 டிகிரி சூடு வேண்டும். காட்மியமோ 321 டிகிரியில் உருகி, 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். ஊதுகுழலின் தீ பட்டதும் கொஞ்சம் காட்மியம் புகையாக எழும்பி, குனிந்திருக்கும் மனிதரின் மூக்குக்குள் போகிறது. அந்த நேரத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. நிறைய உள்ளே போயிருந்தால் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், இருமல், நெஞ்சடைப்பு வரும். சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று படுத்துவிடுவார்கள். நுரையீரல் வீங்கி உயிரே போவதும் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் சிறுநீரகத்தில் தங்கிவிடுகிறது. அங்கிருந்து பாதி வெளியேறவே பத்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். புற்றுநோய் தரும் பொருள் என்று உலக ஆராய்ச்சி நிறுவனமும் 1993-இல் இதைத் தீர்மானித்துவிட்டது.

காட்மியம் 1817-இல் ஜெர்மனியில் ஸ்ட்ரோமையர் கண்டுபிடித்தது. துத்தநாகத் தாதுவோடு ஒட்டிக்கொண்டே வரும். ஜப்பானில் தொயாமா வட்டாரத்தில் ஒரு சுரங்கக் கழிவு ஜின்சூ ஆற்றில் கலந்து, அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல் அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு நொறுங்கியது. "இத்தாய், இத்தாய்" என்று அலறினார்கள். வலிக்கிறது என்று பொருள். நோய்க்கே அந்தப் பெயர் நிலைத்தது. அதற்குக் காட்மியமே காரணம் என்று ஜப்பான் அரசு 1968-இல் ஒப்புக்கொண்டது. ஆனாலும் இந்த உலோகத்துக்கு வேலை குறையவில்லை. மஞ்சள், சிவப்புச் சாயம், திரும்பத் திரும்ப மின்னேற்றும் பேட்டரி என்று பலவற்றில் இருக்கிறது. நமக்கு வடக்கே கூலிமில் சூரிய மின்தகடு செய்யும் தொழிற்சாலையிலும் காட்மியக் கூட்டுப்பொருள்தான் பயனாகிறது.

இரண்டாவது நஞ்சு சயனைட். இது தோட்டத்து ஜனங்களுக்குப் பழைய சிநேகிதன். ஜப்பான்காரன் காலத்தில் நம் பெரியவர்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுதானே உயிர் பிழைத்தார்கள்? அதைத் தோலுரித்து, ஊறவைத்து, வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டச் சொன்னது ஏன்? கிழங்கை நசுக்கினால் சயனைட் பிறக்கும். மரவள்ளியும் ரப்பரும் ஒரே குடும்பம். பிள்ளைகள் விளையாடும் ரப்பர் கொட்டையிலும் அதே சரக்கு இருக்கிறது. பச்சையாகத் தின்ன விடாதீர்கள்.

கரியும் நைட்ரஜனும் சேர்ந்த சின்னக் கூட்டுதான் சயனைட். நாம் மூச்சு இழுத்தாலும், அந்தக் காற்றை உடம்பின் அணுக்கள் பயன்படுத்த முடியாதபடி தடுத்துவிடும். ஆனால் அரசனுக்கும் அசையாத தங்கம் இதற்குக் கரைகிறது! 1887-இல் ஸ்காட்லாந்தில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் இதைக் கொண்டு தாதுவிலிருந்து தங்கம் எடுக்கும் வழியைக் கண்டார்கள். நம் பாட்டன்மார் மலாயாவுக்குக் கப்பலேறிய காலத்தில், வட ஆர்க்காட்டுத் தமிழர்கள் பலர் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். அந்தச் சுரங்கத்தை 2001-இல் மூடிவிட்டார்கள். தங்கம் எடுத்த மிச்சம் மட்டும் சயனைட் மேடுகளாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூள் வீடுகளுக்குள் வருகிறது. இங்கே பகாங்கில், ரவூப் அருகே புக்கிட் கோமான் மக்கள் சயனைட் ஆலையை எதிர்த்து நீதிமன்றம் வரைக்கும் போனார்கள்.

நகைப் பட்டறையில் முலாம் பூசவும் மெருகேற்றவும் இது பயன்படுகிறது. அதே மேசையில் அழுக்கெடுக்கும் திராவகமும் இருக்கும். இரண்டும் தவறிக் கலந்தால் விஷவாயு கிளம்பும். அடைத்த அறையில் ஆளைச் சாய்க்கச் சில நிமிடம் போதும்.

அந்தப் பிள்ளையின் பாட்டிக்கு என்ன சொன்னேன்? "போட்டுக்கொள்ளுங்கள் பாட்டி, தோல் வழியாக இறங்குவது மிகச் சொற்பம். கைக்குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுந்துபோனால் மட்டும், தீ வைப்பதற்கு முன்னே இது கே.டி.எம். என்று பத்தரிடம் சொல்லிவிடுங்கள்" என்றேன். பழைய பற்றாசு மறுபடி சூடேறும்போதும் அதே புகைதானே வரும்? இந்தியாவின் ஹால்மார்க் விதி இப்போது காட்மியப் பற்றாசை ஏற்பதில்லை. துத்தநாகம் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். பழைய நகைகளோ இன்னும் நம் பெட்டிகளில்தான் இருக்கின்றன.

பாட்டி கொக்கி மாற்றப் போய், நான் சொன்னபடியே சொல்லியிருக்கிறார். பத்தர் சிரிக்கவில்லையாம். எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, காற்றாடியைத் தன் முதுகுப் பக்கம் வைத்து, புகை கதவுப் பக்கம் போகிறதா என்று பார்த்த பிறகுதான் ஊதுகுழலை எடுத்தாராம். "இத்தனை வருஷத்தில் இதைச் சொன்ன முதல் ஆள் நீங்கதாம்மா" என்றாராம்.