புதிய நடுவர் நிற்கும் இடம்

திருவனந்தபுரம் காரியவட்டத்தில் 1985-இல் நிறுவப்பெற்ற இலட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி போன்ற நிலையங்களில் கூடைப்பந்து விதிகளைப் பாடமாகப் பயிலலாம். எனினும், 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில், கண்ட நொடியிலேயே ஊதல் ஊதவேண்டிய புதிய நடுவருக்கு ஏட்டறிவு மட்டும் போதாது. ஆட்டம் முடிந்தபின் மூத்த நடுவர் கூறும் கருத்துரையே அவரைத் திருத்துகிறது. ‘தவறாக ஊதினீர்கள்’ என்பதால் பயனில்லை, ‘எங்கே நின்றீர்கள்?’ என வினவுதலே தக்கது. பந்தையே நோக்கும் புதியவர், தடுப்பாளருக்கு நேர் பின்னே சிக்கிக்கொள்கிறார். தடுப்பவருக்கும் பந்து வைத்திருப்பவருக்கும் இடைப்பட்ட வெளி மறைந்துவிட, ஊகித்தே ஊதுகிறார். ஓரடி விலகியிருப்பின் கை பட்டதா என்பது புலப்பட்டிருக்கும். பத்துக் குறைகளை ஒருங்கே அடுக்குவதோ (மூத்தோர் சிலரின் வழக்கம் இது) திகைப்பையே தரும். ஓர் ஆட்டத்திற்கு ஒரு திருத்தம் போதும். அது கைவந்ததா என்பதை அடுத்த ஆட்டத்தில் அதே மூத்தவர் நோக்குதல் வேண்டும்.