கொஞ்சினால் ஏன் கையைத் தட்டிவிடுகிறார்கள்?

மறதிநோய் வந்தவருடன் பேச்சு முறிந்தால் பழி முழுவதும் நோயின் தலையில்தான் விழுகிறது. சொன்னது புரியவில்லை, பிடிவாதம் கூடிவிட்டது என்று வீட்டாரும் செவிலியரும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆனால் பேச்சு இருவர் சேர்ந்து செய்யும் காரியம். ஒருவரின் நினைவாற்றல் தேயத் தேய, எதிரே இருப்பவர் பேசும் விதத்துக்கு முக்கியத்துவம் கூடத்தானே வேண்டும்? அந்த எதிராளியின் பேச்சையும் அளந்து பார்க்கும் ஆய்வுகள் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக நடந்திருக்கின்றன. நோயாளியின் முரண்டு என்று நாம் சொல்லும் பலவற்றில் நம் வாய்க்கும் பங்கு உண்டு என்பதுதான் அவற்றிலிருந்து தெரியவருவது.

இந்த விசாரணைக்கு வயது நாற்பதுக்கும் மேல். 1981-இல் லிண்டா கேப்போரேல் என்ற உளவியலாளர், முதியோர் இல்லப் பணியாளர்களின் பேச்சைப் பதிவு செய்து, சொற்கள் விளங்காதபடி வடிகட்டி, குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பிறருக்குப் போட்டுக் காட்டினார். முதியவரைக் கொஞ்சிய குரல் எது, குழந்தையைக் கொஞ்சிய குரல் எது என்று கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. கீச்சுக்குரல், இழுவை, ‘கண்ணு’, ‘செல்லம்’ போன்ற விளிகள், குளிக்கப்போவது ஒருவர்தான் என்றாலும் ‘நாம இப்பக் குளிக்கலாமா?’ என்று கேட்பது எல்லாம் சேர்ந்த இந்தப் பேச்சை ஆய்வாளர்கள் ‘எல்டர்ஸ்பீக்’ என்கிறார்கள். கான்சாஸ் பல்கலைக்கழகச் செவிலியர் கல்வித்துறையின் கிறிஸ்டீன் வில்லியம்ஸ் குழுவினர், மறதிநோய் உள்ள 20 பேருக்குப் பணிவிடை நடப்பதை வீடியோ எடுத்து, பணியாளரின் பேச்சையும் நோயாளியின் எதிர்வினையையும் அருகருகே வைத்துக் குறித்தார்கள். முகத்தைத் திருப்புவது, கையைத் தட்டிவிடுவது, துணியை இறுகப் பிடித்துக்கொள்வது, கத்துவது போன்றவை எதிர்ப்பு எனக் கணக்கிடப்பட்டன. 2009-இல் வெளியான முடிவின்படி, இயல்பாகப் பெரியவரிடம் பேசுவதுபோல் பேசியபோது எதிர்ப்புக்கான வாய்ப்பு 0.26, கொஞ்சிப் பேசியபோது 0.55. ஒன்றுமே பேசாதபோது கூட அது 0.36-தான். அதாவது கொஞ்சுவதைவிட வாயைத் திறக்காமலிருப்பதே மேல்.

முரண்டு பிடிப்பவரைச் சமாதானப்படுத்தத்தானே கொஞ்சுகிறார்கள், விளைவைக் காரணம் என்று சொல்லலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இருபது பேரை வைத்து எடுத்த வீடியோ மட்டும் அதற்கு முழுப் பதில் ஆகாது. பதில் தேட, பேச்சை மாற்றிப் பார்க்க வேண்டும். அதே குழு 13 முதியோர் இல்லங்களில் அதைச் செய்தது. பணியாளர்கள் தலா ஒரு மணி நேரம் கொண்ட மூன்று வகுப்புகளில் வீடியோக்களைப் பார்த்து அலசி, பேசும் விதத்தைத் திருத்திப் பழகினார்கள். பயிற்சிக்கு முன் 34.6 சதவீதமாக இருந்த கொஞ்சல் பேச்சு 13.6 புள்ளிகள் குறைந்தது; 35.7 சதவீதமாக இருந்த எதிர்ப்பும் கூடவே 15.3 புள்ளிகள் இறங்கியது. பணியாளரின் பேச்சு மாறியதும் நோயாளியின் நடத்தையும் மாறியது என்றால், பழியை நோயின் மேல் மட்டும் போட்டுவிட்டுக் கைகழுவ முடியாது.

‘அன்பாகத்தானே பேசுகிறோம், அவருக்கு எங்கே புரியப்போகிறது?’ என்பது அடுத்த வாதம். அன்பை யாரும் சந்தேகிக்கவில்லை. புரியாது என்பதுதான் தவறு. 2014-இல் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் தனித்தனியே காட்டினார்கள். பார்த்தது சற்று நேரத்தில் மறந்துபோனது. ஆனால் மனத்தில் எழுந்த உணர்ச்சி மறதியையும் தாண்டி நீடித்தது. அப்படியானால், இழிவாக நடத்தப்பட்ட சம்பவம் மறந்துபோனாலும் அதன் கசப்பு தங்கிவிடக்கூடும் என்று எண்ண இடமிருக்கிறது. சரி, புரியவைக்கவாவது இந்தப் பேச்சு உதவுகிறதா? கான்சாஸின் சூசன் கெம்ப்பர் இதைப் பிரித்துச் சோதித்தார். பொதுவாக முதியவர்களுக்கு உதவியவை இரண்டு: வாக்கியத்துக்குள் வாக்கியத்தைச் செருகாமல் பேசுவது, சொன்னதை விரித்துச் சொல்வது. வேகத்தைக் குறைப்பதும் குரலை மிகையாக ஏற்றி இறக்குவதும் உதவவில்லை. அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த சோதனையிலும், மெதுவாகச் சொல்வதைவிட இன்னொரு முறை சொல்வதே பலன் தந்தது.

கொஞ்சலை விரும்பும் முதியவர்களும் இருக்கிறார்கள். மிகவும் தளர்ந்தவர்களில் சிலர் அதை ஏற்பதைக் கேப்போரேலே பின்னர் பதிவு செய்தார். மேலும் இவை ஆங்கிலம் பேசும் இல்லங்களில் நடந்த ஆய்வுகள். முன்பின் தெரியாதவரையும் ‘தாத்தா’, ‘பாட்டிம்மா’ என்று அழைப்பதே மரியாதையாக உள்ள நம் ஊருக்கு அப்படியே பொருந்தா. ஆனால் உறவு சொல்லி அழைப்பது வேறு, எழுபது வயதுக்காரரை ஏழு வயதுப் பிள்ளையாக்குவது வேறு. யாருக்கு எது பிடிக்கும் என்று அவரையே கேட்டு, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் முறை. எல்லோருக்கும் ஒரே கொஞ்சலை ஊட்டுவது அல்ல. இன்னொரு கணக்கும் உண்டு. முரண்டை அடக்க மனநோய் மாத்திரைகளை நாடும் வழக்கம் இருக்கிறது. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவை மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்துவிட்டது. மூன்று மணி நேர வகுப்புக்கு அப்படிப்பட்ட பக்கவிளைவு கிடையாது. ஆகவே மாத்திரைச் சீட்டு எழுதுமுன், அவரிடம் யார், எப்படிப் பேசுகிறார்கள் என்று விசாரிப்பதும் மருத்துவத்தின் வேலைதான்.