மழைச் செய்தியை வாசிக்கும் முறை

குளத்தூர்ப் பகுதியில் நன்செய் விவசாயம் பெரும்பாலும் கண்மாய்களை நம்பியது. கண்மாய்களோ ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. ஆகையால் மழையைப் பற்றிய செய்திகளைக் குடியானவர்கள் ஆவலோடு வாசிப்பது இயல்பே. ஆயினும் சென்னையில் பெருமழை என்ற செய்தியைக் கண்டு நாற்றுப் பாவுகிறவர், தம்மூர்க் கண்மாய் நிரம்பாவிடில், விதையையும் உழவுக்கூலியையும் இழக்க நேரும்.

2016-ஆம் வருஷத்து நிகழ்ச்சியை உதாரணமாகக் கொள்ளலாம். டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. தினசரிகளும் தொலைக்காட்சிகளும் அதனை மிகவும் விஸ்தாரமாக வெளியிட்டன. அதே பருவத்தில் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவில் 62 சதவீதம் குறைந்துபோயிற்று. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சிப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. எனினும், மார்ச்சு மாதம் தமிழ்நாட்டு விவசாயிகள் டில்லியில் மண்டையோடுகளை முன்வைத்து அமர்ந்த பின்னரே வடநாட்டார் பலரும் இதனை அறிந்தனர். புயல் ஒரே நாளில் வந்து போவது. வறட்சி மெல்ல வளர்வது. தினசரிக்கு முன்னதே எளிய செய்தி.

புயலின் பின்விளைவும் அவ்வாறே. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் கரையைக் கடந்து இந்த ஜில்லாவினூடே சென்றது. சாய்ந்த தென்னைகளின் படங்களை யாவரும் கண்டனர். ஆனால் நெட்டைத் தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஆறேழு வருஷமாகும். அக்கால நஷ்டத்தைப் படம்பிடித்துக் காட்டுவது எளிதன்று.

இக்குறையை நிரப்ப முயலும் சிறு வெளியீடுகளும் உண்டு. 2014-இல் பி. சாய்நாத் தொடங்கிய ‘பாரி’ என்னும் இணைய இதழ் அவற்றுள் ஒன்று. பருவநிலை மாறுதலைக் குடியானவர், மீனவர் முதலியோர் வாய்மொழியாகவே அது வெளியிட்டுள்ளது. இராமநாதபுரம் கடலோரத்தில் பாசி எடுக்கும் பெண்களின் அனுபவமும் அதில் காணப்படும். எனினும் ஒருவருடைய ஞாபகம் மழைமானியின் அளவுக்கு ஈடாகாது. இரண்டையும் ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும்.

செய்தியை வாசிப்போர் கவனிக்கத்தக்கவை:

1. எந்த ஊரில், எத்தனை மில்லிமீட்டர் மழை என்று கூறப்பட்டிருக்கிறதா?

2. ஒரு நாள் மழையைப் பற்றியதா, பருவம் முழுவதையும் பற்றியதா? பருவநிலை என்பது ஏறக்குறைய 30 வருஷத்துச் சராசரியைக் கொண்டு அறியப்படுவது.

3. காரணம் விளக்கப்பட்டுள்ளதா? காற்று 1 டிகிரி செல்ஷியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். பெய்தால் பெருமழையாகப் பெய்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவற்றுடன், கிராமந்தோறும் ஒரு மழைமானியை வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளவைக் குறித்து வருதல் நலம். கிராம அதிகாரிகள் இதனை மேற்பார்வை செய்யலாம். அந்நோட்டுப் புத்தகம் பத்து வருஷம் தொடர்ந்து எழுதப்படுமாயின், எந்தப் பத்திரிகையும் தர இயலாத செய்தி அவ்வூராரிடமே இருக்கும்.